ஆமையைக் கண்மாயில் விட்டுவிடலாமா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் கொழுந்தன் (வயது 23) போன தீபாவளிக்கு முன்னால் இரண்டு நட்சத்திர ஆமைகளை வாங்கி வந்தான். வீட்டில் வைத்தால் பணம் சேரும், வாஸ்துவுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஆமை புகுந்த வீடு உருப்படுமா?" என்று மாமியார் சத்தம் போட்டார். அது வேற ஆமை, இது ராசியான ஆமை என்று சொல்லிச் சமாதானப்படுத்திவிட்டான். கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோம். சோறு, வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ், சில நாள் பால் கொடுக்கிறோம். சின்ன ஆமை பத்து நாளாகச் சாப்பிடவில்லை. கண் வீங்கி மூடிவிட்டது, மூக்கில் நுரை வருகிறது. இதை வைத்திருப்பதே குற்றம் என்று டிவி செய்தி பார்த்துத்தான் எனக்குத் தெரியும். வனத்துறையிடம் கொடுத்தால் கேஸ் போடுவார்களா? ராத்திரியோடு ராத்திரியாகக் கண்மாயில் விட்டுவிடலாமா? இன்னொரு பயமும் இருக்கிறது. ஆமை விற்ற அதே ஆள், "ஒரு பேக்கை பாங்காக்கில் கொண்டுபோய்க் கொடு, டிக்கெட், ரூம் நம்ம செலவு, கையில் இருபதாயிரம்" என்று கொழுந்தனிடம் சொல்லியிருக்கிறான். பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டான். என் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். நாலு வயதுப் பெண் குழந்தை இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.
- ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, கண்மாயில் விடாதீர்கள். அதுதான் முதலில். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நட்சத்திர ஆமை தரையில் வாழ்கிற ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது. கால்களைப் பாருங்கள். துடுப்பு மாதிரியோ, விரலிடுக்கில் சவ்வோடோ இருக்காது. யானைக் காலைச் சின்னதாக்கியது போலத் தடியாக, செதிலோடு இருக்கும். கண்மாய்த் தண்ணீரில் விட்டால் மூழ்கிவிடும். கரையில் விட்டாலும் பாதகம்தான். உங்கள் சின்ன ஆமைக்கு நோய் இருக்கிறது. அது அந்தப் பக்கத்து முட்புதரில் ஏற்கெனவே வாழ்கிற ஆமைகளுக்குத் தொற்றும். அதோடு, உங்கள் ஆமைகள் எந்த ஊர்க் காட்டில் பிறந்தவை என்று யாருக்கும் தெரியாது. குஜராத், ராஜஸ்தான் பக்கத்து நட்சத்திர ஆமைக்கும் ஆந்திரா, தமிழ்நாட்டு ஆமைக்கும் மரபணுவிலேயே வேறுபாடு உண்டு. கண்ட இடத்தில் கொண்டுபோய் விட்டால் எல்லாம் கலந்துபோகும்.

அடுத்து, நோயாளியைக் கவனிப்போம். இன்றைக்கே தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டு அட்டைப்பெட்டிகளில் செய்தித்தாள் விரித்து, மேலே கொஞ்சம் காய்ந்த புல்லோ வைக்கோலோ போட்டு, இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். மூக்கில் நுரை, மூடிய கண், சாப்பாட்டை நிறுத்தியது, இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்று அர்த்தம். மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்ததால் வந்தது. ஆமைக்கு நம்மைப் போல உதரவிதானம் (நுரையீரலுக்குக் கீழே இருக்கிற மூச்சுத் தசை) கிடையாது. இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. நமக்குச் சாதாரண ஜலதோஷமாக இருப்பது அதற்கு உயிர் போகிற விஷயம். காலை வெயில் படுகிற இடத்தில், பாதி நிழலும் இருக்கிற மாதிரி வையுங்கள். ஒரு தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரைத் தாடைக்குக் கீழே நிற்கிற அளவுக்கு மட்டும் ஊற்றிப் பதினைந்து நிமிஷம் நிறுத்துங்கள். பக்கத்திலேயே இருங்கள். பிறகு துடைத்து உலர்த்துங்கள். சோறு, பால் இரண்டையும் அடியோடு நிறுத்துங்கள். அது புல்லும் இலையும் மேய்கிற பிராணி. அருகம்புல், செம்பருத்தி இலை, அகத்தி, முருங்கை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி எல்லாம் தரலாம். பெரிய ஆமை உடனே தின்னும். சின்னதை வற்புறுத்தி வாயைத் திறக்காதீர்கள்.

மருந்துக்கடையில் எதுவும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஆடு மாட்டுக்குப் பூச்சி மருந்தாகப் போடுகிற ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும். "நல்ல மருந்துதானே" என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்து, மறுநாள் உயிரற்ற ஓட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

குழந்தை அதைத் தொடுகிறாளா? ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கும். ஆமை நன்றாகவே இருக்கும், தொட்ட குழந்தைக்குத்தான் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அது கடுமையாகவே வரும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தொட்டவர்கள் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

சரி, கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். நான் கால்நடை மருத்துவர், வக்கீல் இல்லை. ஆனால் இருபது வருஷமாக வனத்துறை மீட்டுவரும் விலங்குகளுக்கு வைத்தியம் பார்ப்பதால் இந்தச் சட்டத்தோடு பழகியிருக்கிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கிற அதே வரிசையில் இருக்கிறது. அந்த வரிசை விலங்கைப் பிடித்தாலோ விற்றாலோ வாங்கினாலோ, குற்றம் நிரூபிக்கப்பட்டால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. விற்றவன் "பண்ணையில் வளர்த்தது, லைசென்ஸ் இருக்கு" என்று சொல்லியிருப்பான். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தியாவில் நட்சத்திர ஆமை வியாபாரத்துக்கு எந்த லைசென்சும் கிடையாது.

காட்டு விலங்கு ஒன்று எந்த வழியில் நம் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்று 39ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கெடு உங்கள் வீட்டில் எப்போதோ தாண்டிவிட்டது. அதனால் "கேஸே வராது, நான் பொறுப்பு" என்று நான் எழுத முடியாது. எழுதினால் உங்களை ஏமாற்றுவதாகும். நான் பார்த்தவரை, தானாக முன்வந்து, எழுதிக் கொடுத்து, யாரிடம் வாங்கினோம் என்பதையும் மறைக்காமல் சொன்ன குடும்பங்களை ரேஞ்சர்கள் சாட்சியாகத்தான் நடத்தியிருக்கிறார்கள். கதவைத் தட்டிக்கொண்டு அவர்கள் வருகிற நாளில் நிலைமை அப்படி இருக்காது.

அதனால் தனியாகப் போகாதீர்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கு அங்கே வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். அது சட்டம் தந்த உரிமை. கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. வக்கீலை வைத்துக்கொண்டே வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். ஆமைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். வழியில் சோதனை செய்தால் கடத்திப்போவதாகத்தான் எண்ணுவார்கள். அவர்களையே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். எப்போது வாங்கியது, யாரிடம், எவ்வளவு கொடுத்தது, இப்போது ஏன் ஒப்படைக்கிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பிரதி வையுங்கள். ஒன்றில் தேதியும் சீலும் கையெழுத்தும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

கொடுத்த பிறகு ஆமைக்கு என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் "அங்கே போனாலும் சாகத்தானே போகுது" என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். சாக வேண்டியதில்லை. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு போகிற வழியில் சின்னாறு சரணாலயம் இருக்கிறது. கடத்தலில் மீட்ட நட்சத்திர ஆமைகளைக் கேரள வனத்துறை அங்கே வைத்துத் தேற்றிக் காட்டில் விட்டிருக்கிறது. சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் 2018 நவம்பரில் விமானம் ஏறி பெங்களூருக்குத் திரும்பி வந்தன. உங்கள் பெரிய ஆமைக்கு அந்த வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

உங்கள் பெரிய ஆமையின் ஓட்டை ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பில் மஞ்சள் கோடுகள் நடுவிலிருந்து விரிந்து நட்சத்திரம் மாதிரி இருக்கும். காய்ந்த புல்லுக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தால், புல்லின் நிழலா ஆமையா என்று பத்தடி தூரத்தில் நின்று பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கோடு அதை ஒளித்துவைக்க வந்த கோடு. அதன் அழகைப் பார்த்துத்தான் இன்றைக்கு அதைத் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள். ஓட்டின் வடிவத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. எப்படிக் கவிழ்த்தாலும் தானாகப் புரண்டு நேராக நிற்கிற ஒரு உருவத்தை ஹங்கேரியைச் சேர்ந்த கணித அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த உருவத்துக்கு மிக நெருக்கமாக இயற்கையில் இருப்பது இந்த ஆமையின் ஓடுதான். சோறும் பாலும் தின்று வளர்ந்த ஆமைக்கு அந்த ஓடு சரியாக அமையாமல் போகலாம். அளவுக்கு மீறி மேடு மேடாகக் கூம்பிவிடலாம். உங்கள் ஆமைக்கும் அப்படி மேடுகள் வந்திருந்தால், அது எலும்பில் வந்த கோளாறாக இருக்கலாம். அதை அழகு என்று நினைத்துவிடாதீர்கள்.

மழை விழுந்து புல் துளிர்க்கும்போதுதான் இவை வெளியே வந்து மேயும், இணை சேரும். பிடிக்கிறவர்களும் அப்போதுதான் இறங்குகிறார்கள். காட்டோரத்து ஏழைகள் கையில் சொற்பக் காசு கொடுத்து வாங்கி, ஒரு ஊரில் சேர்த்து, அங்கிருந்து பெரிய நகரத்துக்கு அனுப்புகிறார்கள். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு சேகரிப்பு வட்டாரத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படுவதாகக் கணக்கிட்டது. ஒரு ஈட்டுக்குச் சில முட்டைகள் மட்டுமே இடுகிற, பருவத்துக்கு வரவே பல வருஷம் எடுக்கிற பிராணி இந்த அளவைத் தாங்காது. அதனால்தான் அழிந்துவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டஸ் ஒப்பந்தத்தின் 2019 ஜெனீவா மாநாட்டில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகள் கேட்டுக்கொண்டபடி, நாடுகளுக்கிடையே இதன் வியாபாரத்தையே தடை செய்கிற முதல் பட்டியலில் சேர்த்தார்கள்.

இனி தம்பி விஷயம். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது இதுதான். சென்னையில் இந்த வேலைக்குக் "குருவி" என்று பேர். டிக்கெட் எடுத்துக் கொடுத்து, யாருடைய பெட்டியையோ தன் பெட்டி மாதிரி தூக்கிக்கொண்டு போகச் சொல்வது. துணி, தங்கம், எலெக்ட்ரானிக்ஸ் என்று தொடங்கி இப்போது உயிருள்ள பிராணிகள் வரை வந்துவிட்டது. பாங்காக், கோலாலம்பூர் போகும்போது ஆமை போகும். திரும்பும்போது பாம்பும் குரங்குக் குட்டியும் வரும். 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பையில் கண் திறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிறுத்தைக்குட்டியைச் சென்னைச் சுங்கத்துறை மீட்டது. 2022 ஜூனில் சென்னைக்கு விமானம் ஏற வந்த இரண்டு இந்தியப் பெண்களை பாங்காக் விமான நிலையத்தில் பிடித்தார்கள். அவர்கள் பெட்டிகளில் 109 உயிர்கள் இருந்தன. முள்ளம்பன்றி 2, அர்மடில்லோ 2, ஆமை 35, பல்லி ஓணான் வகை 50, பாம்பு 20. கைதானவர்கள் பெட்டியைத் தூக்கியவர்கள். பெட்டிக்குச் சொந்தக்காரன் அந்த இடத்தில் இருக்கவே மாட்டான். அதற்குத்தான் இருபதாயிரம்.

தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். நம் ஊரில் மாட்டினால் வன உயிரினச் சட்டம் ஒன்று, சுங்கச் சட்டம் ஒன்று என்று இரண்டு வழக்கு. அங்கே போய் மாட்டினால் அந்த நாட்டுச் சிறை, தெரியாத பாஷையில் விசாரணை, இங்கிருந்து உங்கள் கணவர் பணம் அனுப்பி வக்கீல் வைக்க வேண்டும். "பேக்கில் என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியாது" என்று சொன்னால் அதிகாரிகள் கேட்கமாட்டார்கள். தன் பெயரில் செக்-இன் செய்த பெட்டிக்குத் தானே பொறுப்பு. இரண்டு ஆமையை அவன் தலையில் கட்டியதே பழக்கம் பிடிக்கத்தான் என்று நான் நினைக்கிறேன். இதே வழியில் உள்ளே இழுக்கப்பட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஆமை வீட்டில் இருக்கிறவரை, "நீயும் மாட்டுவே" என்று அந்த ஆள் மிரட்டலாம். ஒப்படைத்துவிட்டால் அந்தப் பிடி அவன் கையை விட்டுப் போய்விடும்.

சில வருஷம் முன்பு ஒரு விமான நிலையத்திலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஒரு சாதாரண நீலப் பெட்டி. திறந்தால் மேலே குழந்தைகள் சட்டை, பிஸ்கட் பாக்கெட். கீழே வரிசையாகக் காலுறைகள், ஒவ்வொன்றும் உருண்டையாக, செல்லோடேப் சுற்றி. முதல் காலுறையை வெட்டினேன். உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஆமை, தலையும் காலும் உள்ளே இழுத்து, வெளியே வர முடியாதபடி டேப்பில் இறுகி. காலுறையெல்லாம் மூத்திர நெடி. ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து ஒரு பெரிய பிளாஸ்டிக் தாம்பாளத்தில் விரல் உயரத் தண்ணீர் ஊற்றி வைத்தோம். கூழாங்கல் மாதிரி அசையாமல் கிடந்தன. பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு தலை வெளியே வந்தது. கழுத்தை நீட்டி வாயைத் தண்ணீரில் அமுக்கிக் குடிக்க ஆரம்பித்தது. அடுத்தது, அதற்கடுத்தது. தாம்பாளம் முழுக்கக் குடிக்கிற சத்தம் மட்டும். குடிக்காமலே கிடந்தவற்றைக் கடைசியில் தனியே எடுத்து வைத்தேன். அந்தப் பெட்டியைக் கொண்டுவந்த பையன் அடுத்த அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். உங்கள் தம்பி வயதுதான் இருக்கும். அவனும் ஒருவகையில் அந்தக் காலுறைக்குள் அடைபட்டவன்தான் என்று எனக்குத் தோன்றியது.

விற்ற ஆளை நீங்கள் நேரில் கேட்கப் போகாதீர்கள். "இன்னும் இரண்டு வேணும்" என்று வாங்குகிற மாதிரி நடித்து ஆதாரம் சேர்க்கவும் வேண்டாம், அது போலீஸ் வேலை. உங்களால் செய்ய முடிந்தது, தம்பி போனில் இருக்கிற வாட்ஸ்அப் பேச்சு, படங்கள், பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்கவிடாமல் வைப்பது. வக்கீல் மூலமாக அதை வனத்துறையிடம் கொடுங்கள். உள்ளூரில் சொல்லப் பயமாக இருந்தால், மத்திய அரசின் வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்துக்குத் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அங்கேயும் கொடுக்கலாம். இவர்கள் 2016 கடைசியில் தொடங்கி நாடு முழுக்க நடத்திய 'சேவ் கூர்மா' நடவடிக்கையில் 15,000க்கும் அதிகமான ஆமைகள் மீட்கப்பட்டன. இப்படிப்பட்ட நடவடிக்கைகளுக்கு வழிகாட்டுவது பெரும்பாலும் உங்களைப் போன்ற யாரோ ஒருவர் சொன்ன ஒரு பெயர், ஒரு போன் நம்பர்தான்.

உங்கள் மாமியாரிடம் ஒரு வார்த்தை. ஆமை வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் ஆமைமேல் குற்றம் இல்லை. அது தானாக உங்கள் வீட்டுக்கு வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். தம்பியைத் திட்டித் தீர்க்க வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லுங்கள். வேலை இல்லாத பையன், கையில் காசு காட்டியதும் போயிருக்கிறான். உங்கள் கணவரை இன்று ராத்திரியே போனில் கூப்பிட்டு, தம்பியோடு பத்து நிமிஷம் நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஆமைக்கு அதிக நாள் இல்லை. சனி ஞாயிறு போகட்டும், பிள்ளைக்கு லீவு வரட்டும் என்று தள்ளாதீர்கள். காலையில் சட்டப் பணிகள் அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். ரேஞ்சரிடம் பேசும்போது, ஒன்று மூச்சுத் திணறலில் இருக்கிறது, கால்நடை மருத்துவரோடு வாருங்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள்.